கண்முன் மறைந்த சொல்

இரவுணவு முடிந்துவிட்டது. வீட்டார் ஒவ்வொருவராய் உறங்கச் சென்றுவிட்டனர். விளக்கின் கீழே ஒருவர் மட்டும் செய்தித்தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். கையிலே பென்சில், முன்னே கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள். ஏறக்குறைய அரைமணி நேரமாக அவர் ஒரே வரியை உற்று நோக்கியபடி இருக்கிறார். அவ்வரியில் அவர் அறியாத சொல் ஒன்றேனும் இல்லை. பள்ளிச் சிறுவனும் அதனைத் தடையின்றி வாசித்துவிடுவான். எனினும் அவ்வரி தன் உள்ளக்கிடக்கையை அவருக்குக் காட்ட மறுக்கின்றது. திடீரென்று அவர் முகம் மலர்கின்றது. கட்டங்களில் ஐந்து எழுத்துக்களை எழுதுகிறார், தமக்குத்தாமே சிரித்துக்கொள்கிறார்.

இங்கிலாந்திலே ஏறக்குறைய நூறாண்டுகளாக எண்ணற்ற இல்லங்களிலும் புகைவண்டிகளிலும் நிகழ்ந்துவரும் காட்சி இது. அம்மனிதருக்குக் கைதட்டுவார் இல்லை. பெரும்பாலும் பரிசும் இல்லை. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர், ஓய்வுக்கென எஞ்சிய சிறு பொழுதையும் இத்தகைய கடுஞ்சிக்கலிலே செலவிடுவதேன்? அச்சிரிப்பின் காரணந்தான் யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, அப்புதிர் எவ்வாறு அமைகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

குறுக்கெழுத்துப் புதிர் பிறந்தது அமெரிக்காவிலே. 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், 'நியூ யோர்க் வேர்ல்ட்' என்னும் செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பில், ஆதர் வின் என்பவர் வைர வடிவிலான கட்டங்களைக் கொண்ட புதிரொன்றை வெளியிட்டார். அவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். அவருடைய புதிர் கேட்டதெல்லாம் சொற்பொருளே. பொருள் தரப்படும், அதற்குரிய சொல்லை எழுதவேண்டும். அறிந்தவர் எழுதுவர், அறியாதவர் அகராதியைப் புரட்டுவர். 1920களில் இவ்விளையாட்டு அத்திலாந்திக் கடலைத் தாண்டிப் பிரித்தானியாவை அடைந்தபோது அதன் இயல்பே மாறிற்று. சிலேடையிலும் சொல்விளையாட்டிலும் தோய்ந்த எழுத்தாளர் சிலர் அதனைக் கையிலெடுத்தனர். "இப்பொருளுக்குரிய சொல் யாது?" என்று கேட்ட புதிர், "இவ்வாக்கியம் உண்மையில் என்ன சொல்கின்றது?" என்று கேட்கத் தொடங்கிற்று. இவ்வாறு தோன்றியதே மறைபொருட் குறுக்கெழுத்து.

மறைபொருட் குறுக்கெழுத்திலே ஒவ்வொரு விடைக்கும் ஒரு குறிப்பு உண்டு. அக்குறிப்பு மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சாதாரண வாக்கியம். உள்ளே அது இரு கூறுகளாகப் பிரியும். ஒரு கூறு விடையின் பொருளைச் சொல்லும். அது வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும். மற்றைய கூறு விடையின் எழுத்துக்களை எவ்வாறு சேர்ப்பது, குறைப்பது, திருப்புவது என்னும் செய்முறையைச் சொல்லும். இரண்டுக்கும் இடையிலுள்ள பொருத்தை மறைப்பதிலேதான் புதிர் அமைப்பவரின் திறமை இருக்கின்றது. தச்சர் ஒருவர் இரு பலகைகளைப் பொருத்து வெளித்தெரியாமல் இணைப்பது போன்றது அவ்வேலை.

இம்முறையைத் தமிழிலேயே காட்டலாம். "அவர்கள் வன்னியினுள் கண்ட திருடன்" என்பது ஒரு குறிப்பு. விடைக்குக் கட்டங்கள் நான்கு. வாசிப்பவர் மனத்திலே வன்னிக் காடும், அங்கே பதுங்கிய கள்ளனும், தேடிச்சென்ற கூட்டமும் தோன்றிவிடுகின்றன. ஆனால் குறிப்பு சொல்வது வேறு. "அவர்கள் வன்னியின்" என்னும் எழுத்துத் தொடரின் உள்ளே பார்த்தால், இரு சொற்களுக்கும் இடையே 'கள்வன்' என்னும் சொல் முழுமையாகக் கிடக்கின்றது. 'திருடன்' என்பது அதன் பொருள். கள்வன் உண்மையாகவே அங்கேதான் ஒளிந்திருக்கிறான். தேடுவோர் காட்டுக்குப் போனதுதான் பிழை.

இன்னொரு குறிப்பு: "நகரம் தலை இழந்தது, கை எஞ்சியது." போரில் அழிந்த ஊர் ஒன்றின் துயரம் போல இது ஒலிக்கின்றது. 'நகரம்' என்னும் சொல் தன் தலையெழுத்தை இழந்தால் எஞ்சுவது 'கரம்'. கரம் என்பது கை. மூன்றாவது வகையிலே செய்முறை என்று ஒன்றும் இல்லை. இரு பொருள்கள் அருகருகே நிற்கும். "பழமும் தரும் நெடுங்கதை" என்பதற்கு விடை 'நாவல்'. மரத்தை எண்ணுபவர் கதையை மறக்கிறார். கதையை எண்ணுபவர் மரத்தை மறக்கிறார். இரண்டையும் ஒருங்கே நினைப்பவருக்கே விடை அகப்படுகின்றது.

ஆங்கிலத்திலே இக்கலைக்குத் துணைசெய்வது அம்மொழியின் எழுத்தமைப்பு. உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்துக்களாய் நிற்பதால், ஒரு சொல்லைக் கலைத்து மற்றொன்றாக அடுக்குதல் எளிது. கேட்டல் என்னும் பொருளுடைய 'லிசின்' என்ற சொல்லின் ஆறெழுத்துக்களே, இடம்மாறி, மௌனமான என்னும் பொருளுடைய 'சைலண்ட்' என்ற சொல்லாகின்றன. ஒரே எழுத்துக்கோவையை இருவிதமாக ஒலிப்பதும் உண்டு. 'பிளவர்' என்பதை எவரும் மலர் என்றே வாசிப்பர். ஆயின் 'புளோ' என்பது ஓடுதல். ஆகவே எழுத்தளவில் அதே சொல்லை 'ஓடுவது' என்றும் கொள்ளலாம். ஓடுவது ஆறு. மலரைத் தேடித் தோட்டமெங்கும் அலைந்தவர், கடைசியிலே ஓர் ஆற்றங்கரையில் வந்து நிற்பார்.

ஆங்கிலப் புதிருலகிலே பலரும் எடுத்துக்காட்டும் பழைய குறிப்பு ஒன்றில் சொல்லே இல்லை. எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்று எட்டு எழுத்துக்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும், அவ்வளவே. விடை ஐந்தெழுத்துச் சொல்லாகிய 'வாட்டர்', அதாவது நீர். எச் முதல் ஓ வரை என்பதை ஆங்கிலத்தில் 'எச் டு ஓ' என்பர். நீரின் இரசாயனக் குறியீடும் ஒலியால் அதுவே. அறிந்தபின் எளிது. அறிவதற்குமுன் அந்த எட்டெழுத்தும் எட்டுப் பூட்டுக்கள்.

இத்தகைய விளையாட்டு தமிழறிந்தோருக்கு முற்றிலும் புதியதன்று. பலகாற் பார்த்தாலும் ஒரே தொடரில் இருபொருள் தோன்றப் பாடிய காளமேகப் புலவரின் சிலேடைகளை அறியாதார் இலர். தண்டியலங்காரம் கூறும் சித்திர கவிகளிலே, முன்னிருந்து வாசிப்பினும் பின்னிருந்து வாசிப்பினும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றும், ஒரு சொல்லின் எழுத்தை ஒவ்வொன்றாய் நீக்க வெவ்வேறு சொல் பிறக்கும் அக்கரச்சுதகமும் உண்டு. தலையிழந்த நகரம் அக்கரச்சுதகத்தின் உறவினமே. ஆனால் புலவர் தம் திறத்தைக் கேட்போர் வியந்து நிற்பர். குறுக்கெழுத்திலோ கேட்போரே அதனை அவிழ்த்தாக வேண்டும். அவ்வேறுபாட்டிலிருந்தே இக்கலையின் அறம் பிறந்தது.

அந்த அறம் தொடக்கத்திலேயே இருந்ததன்று. இலண்டன் 'ஒப்சேவர்' வார இதழில் 1926 முதல் புதிர் அமைத்தவர் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ். கவிஞர், கீழைத்தேயக் கதைகளையும் கவிதைகளையும் ஆங்கிலத்திற் பெயர்த்தவர். ஸ்பெயின் நாட்டின் மதவிசாரணைத் தலைவராய் இருந்து கொடுமைக்குப் பெயர்பெற்ற டோர்க்கமாடாவின் பெயரையே தம் புனைபெயராக அவர் சூடிக்கொண்டார். வாசகரை வதைப்பதே தம் தொழில் என்று நகையாகச் சொல்வது போன்றது அப்பெயர். அவருடைய புதிர்கள் செய்யுள் நடையிலும், அரிய நூல்களிலிருந்து எடுத்த தொடர்களிலும் அமைந்தன. 1934இல் அவர் வெளியிட்ட நூலொன்றில் 100 பக்கக் கொலைக்கதை ஒன்று பக்கங்கள் முறைமாறி அச்சிடப்பட்டிருந்தது. அக்காலத்திலே அதனைச் சரியாக அடுக்கியவர் இருவரே. அவருடைய கல்வியும் கற்பனையும் பெரியவை. ஆயினும் அவர் எழுதிய குறிப்புக்கள் சிலவற்றிலே, வாசகர் உட்புகுவதற்கு வழியே இராது. அமைத்தவரின் மனத்தில் ஓடியதை ஊகித்தாலன்றி விடை கிட்டாது.

1939இல் மேதர்ஸ் மறைந்தார். அவர் பணியை ஏற்றோருள் தலைசிறந்தவர் டெரிக் சொமர்செட் மக்னட். பள்ளியொன்றிலே கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த ஆசிரியர் அவர். அவரும் ஸ்பானிய மதவிசாரணைத் தலைவர் ஒருவரின் பெயரையே எடுத்துச் 'சிமனீஸ்' எனத் தம்மை அழைத்துக்கொண்டார். ஆனால் பெயரிலிருந்த கொடுமையை அவர் தொழிலிற் காணமுடியாது. மொழியாசிரியருக்கே உரிய கண்டிப்போடு அவர் ஓர் ஒழுங்கை நிறுவினார்: குறிப்பிலே விடையின் பொருள் செம்மையாக இருத்தல் வேண்டும், எழுத்துக்களைப் பெறும் வழி நேர்மையாக இருத்தல் வேண்டும், இவ்விரண்டுக்கும் உதவாத சொல் ஒன்றும் இருத்தலாகாது. 1966இல் இக்கலை பற்றி அவர் எழுதிய நூல், பின்வந்தோருக்கு இலக்கணமாயிற்று. அப்ரிட் என்னும் புனைபெயருடைய மற்றொருவரும் 1949இலேயே இக்கருத்தை விளக்கியிருந்தார். அமைப்பவர் தம் கருத்தை மறைத்து எழுதலாம்; எழுதிய சொற்களோ அக்கருத்துக்கு முற்றிலும் பொருந்தியே ஆகவேண்டும் என்பதே இருவரும் வகுத்த நெறியின் சாரம்.

இந்நெறியின் பயனை முன்சொன்ன எடுத்துக்காட்டிலேயே காணலாம். 'கரம்' என்னும் விடைக்கு "நகரத்தில் ஏதோ குறைகிறது" என்று ஒருவர் குறிப்பு எழுதினாற் போதுமா? எந்த எழுத்துக் குறைகின்றது என்பது சொல்லப்படவில்லை. எஞ்சும் சொல்லின் பொருள் எங்குமே இல்லை. இதனை அவிழ்ப்பது மிகக் கடினம். அக்கடினத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. சாவியை வீட்டுக்குள் மறைத்துவைத்துத் தேடச் சொல்வது விளையாட்டு. சாவியைக் கிணற்றிலே எறிந்துவிட்டுத் தேடச் சொல்வது வஞ்சகம். கடினம் வேறு, தெளிவின்மை வேறு என்பதைச் சிமனீஸ் நன்கு உணர்த்தினார்.

நேர்மை வந்ததனாற் கடினம் குறைந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் இலண்டன் 'டைம்ஸ்' நாளேடு தன் முதற் புதிரை வெளியிட்டது. அதனை அமைத்தவர் சஃபொக் பகுதியிற் பண்ணை வைத்திருந்த எழுத்தாளராகிய ஏட்ரியன் பெல். அதே ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 'லிசினர்' என்னும் வார இதழிலும் புதிர் வெளிவரலாயிற்று. வானொலிப் பேச்சுக்களை அச்சிற் பதித்து வைப்பதற்கென ஏற்பட்ட இதழ் அது. அதில் வந்த புதிரோ ஆங்கிலத்திலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்று எனப் பெயர்பெற்றது. அங்கே விடையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. சில வேளைகளில் ஒவ்வொரு விடையிலும் ஓரெழுத்தை மாற்றியே கட்டத்தில் இடவேண்டும். அந்த மாற்றத்தின் விதி எது என்பதையும் புதிரிலிருந்தே கண்டறிதல் வேண்டும். 1991இல் 'லிசினர்' நின்றபின் அப்புதிர் 'டைம்ஸ்' ஏட்டுக்குக் குடிபெயர்ந்தது.

இவ்வளவு கடினமான ஒன்றை ஒருவர் எவ்வாறு அவிழ்க்கிறார்? முதல் வாசிப்பிலே பெரும்பாலும் ஒன்றும் அகப்படுவதில்லை. முப்பது குறிப்புக்களையும் வரிசையாகப் பார்த்தும் ஒரு கட்டமேனும் நிரம்பாமற் போவது உண்டு. அனுபவமற்றவர் அங்கேயே தாளை எறிந்துவிடுவார். பழகியவர் அஞ்சுவதில்லை. அவர் வாக்கியத்தின் கதையை விட்டுவிட்டு, சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். பானை வாங்குபவர் விரலாற் சுண்டிப் பார்ப்பது போல. எச்சொல் ஓசை மாறி ஒலிக்கின்றதோ அங்கே ஐயம் கொள்கிறார்.

"திரும்ப வாசி, இறைவனே!" என்னும் குறிப்பை அத்தகைய ஒருவர் கையிற் கொடுத்துப் பார்க்கலாம், கட்டங்கள் இரண்டு. அடியவன் ஒருவன் ஆண்டவனிடம் ஏதோ விண்ணப்பம் செய்வது போல முதலிலே தோன்றுகின்றது. இறைவன் எதனை வாசிக்கவேண்டும்? ஏன் மீண்டும் வாசிக்கவேண்டும்? இவ்வாறு எண்ணும்வரை வழி அடைபட்டே கிடக்கும். 'திரும்ப' என்பதற்கு 'மறுபடி' என்னும் பொருளோடு 'பின்புறமாக' என்னும் பொருளும் உண்டு என்று தோன்றும் கணத்தில் வாக்கியம் உடைகின்றது. 'வாசி' என்னும் சொல்லே திரும்பவேண்டியது. திருப்பினால் 'சிவா'. 'இறைவன்' என்னாது 'இறைவனே' என்று விளியாக எழுதியதன் காரணமும் அப்போதுதான் புலனாகின்றது. 'சிவன்' என்பதன் விளியன்றோ 'சிவா'! ஓரசையும் மிகையாக இல்லை; ஓரசையும் குறைவாக இல்லை.

இங்கேதான் விளக்கடியிற் சிரித்தவரின் மகிழ்ச்சி விளங்குகின்றது. விடை இரு வழிகளாலும் வந்து ஓரிடத்திற் சந்திக்கின்றது. பொருள் ஒருபுறம் சான்று கூறுகின்றது. எழுத்து மறுபுறம் சான்று கூறுகின்றது. எனவே விடை சரிதானா என்று எவரையும் கேட்கவேண்டியதில்லை. மறுநாட் பத்திரிகைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. வாழ்க்கையிலே மனிதன் செய்யும் முடிவுகளில் இத்தகைய உறுதி எத்தனைக்குக் கிடைக்கின்றது? தொழிலிலும் குடும்பத்திலும் சரி பிழை தெரியப் பல்லாண்டு செல்லும். சில வேளை தெரியாமலே போகும். இச்சிறு கட்டங்களுக்குள் மட்டும் உண்மை தன்னைத்தானே நிறுவிக்கொண்டு நிற்கின்றது.

அம்மகிழ்ச்சியிலே சிறிது நாணமும் கலந்திருக்கின்றது. விடை தொலைவில் இருக்கவில்லை, கண்முன்னேயே இருந்தது. அதனை மறைத்தது அமைப்பவரின் பொய்யன்று. அவர் எழுதியது ஒவ்வொன்றும் மெய். வாசிப்பவரின் பழக்கமே திரையாயிற்று. முதலில் தோன்றிய பொருளே முழுப்பொருள் என்று துணிந்துவிடும் மனத்தின் விரைவு அது. அத்துணிவைக் கைவிடப் பழகுவது விளையாட்டுக்கு அப்பாலும் பயன்பட்டதுண்டு. 1942 ஜனவரியில், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையிலே, 'டெயிலி டெலிகிராப்' நாளேடு புதிரொன்றை 12 நிமிடத்துள் அவிழ்க்கும் போட்டியைத் தன் அலுவலகத்தில் நடத்திற்று. அதிற் பங்குகொண்டோர் சிலருக்குப் பின்னர் அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. பகைவரின் மறைமொழிகளை வாசித்தறியும் பணி இரகசியமாக நடைபெற்ற பிளெச்லி பார்க்கிலே அவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

எல்லா இரவுகளும் வெற்றியில் முடிவதில்லை. கடைசி மூன்று கட்டங்கள் வெறுமையாகவே நிற்க, அவிழ்ப்பவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போவதுண்டு. காலையிலே முகம் கழுவும்போது, தேடாத நேரத்தில், விடை தானே வந்து நிற்பதும் உண்டு. வராமலே போவதும் உண்டு. மறுநாள் அச்சில் வந்த விடையைப் பார்க்கும்போதுதான் புதிரின் தரம் தெரியும். "இது எப்படி எனக்குத் தோன்றாமற் போயிற்று!" என்று அவர் தம் தலையிலே தட்டிக்கொண்டால், அது நல்ல புதிர். "இதை எவர்தாம் அறிவார்!" என்று முகம் சுளித்தால், குறை புதிரிலே. தோற்றவரையும் தலைவணங்கச் செய்வதே சிறந்த புதிரின் இலக்கணம். இதனை எண்ணும்போது, இப்போட்டியின் விந்தையும் தெரியவருகின்றது. எந்த ஆட்டத்திலும் எதிரி வெல்லவே முயல்வான். இங்கே புதிர் அமைப்பவர் நன்றாக எதிர்த்து நின்று, இறுதியிலே தோற்றுப்போகவே விரும்புகிறார். எவராலும் அவிழ்க்கப்படாத புதிர் அவருக்கு வெற்றியன்று. எவரும் வாசியாத கடிதம் போன்றது அது.

கடிதம் என்பது வெறும் உவமையாகவே நின்றுவிடவில்லை. 'கார்டியன்' நாளேட்டில் 1958 முதல் புதிர் அமைத்துவந்தவர் ஜோன் கிரகம் என்னும் குருவானவர். 'அரௌக்கேரியா' என்பது அவருடைய புனைபெயர். குரங்கையும் திகைக்கவைக்கும் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட முட்கிளை மரம் ஒன்றின் தாவரவியற் பெயர் அது. சிமனீஸின் விதிகளை அவர் எழுத்துக்கெழுத்துப் பின்பற்றியவரல்லர். ஆயினும் வாசகரை ஒருநாளும் வஞ்சித்தவருமல்லர். 2013 ஜனவரியில், அவருக்கு 91 வயதாயிருந்தபோது, 'கார்டியன்' ஏட்டிலே அவருடைய புதிரொன்று வெளிவந்தது. முகப்பிலே அவரைப் பற்றிய ஒரு சிறு வாக்கியம் இருந்தது. அதன் முக்கியமான சொற்களின் இடத்தில் எண்கள் மட்டுமே இருந்தன. அவ்வெண்களுக்குரிய விடைகளைக் கண்டாலன்றி வாக்கியம் நிறைவுறாது.

வாசகர்கள் வழக்கம்போலப் பென்சிலை எடுத்தனர். கட்டங்கள் ஒவ்வொன்றாய் நிரம்பின. புற்றுநோய் என ஒரு விடை. உணவுக்குழாய் என மற்றொன்று. நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பைக் குறிக்கும் சொற்கள் வேறு. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம்மோடு பொருதுவந்த மனிதர் இறந்துகொண்டிருக்கிறார் என்பதை, அவர்கள் தங்கள் கையாலேயே எழுதி அறிந்தனர். அச்செய்தியை நேரே சொல்லியிருக்கலாம். தாம் வாழ்நாளெல்லாம் பேசிய மொழியிலேயே, அதனைப் புரிந்துகொள்வர் என்று தாம் நம்பியோரிடம், அவர் சொன்னார். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் அவர் காலமானார்.

இருவர் ஒருவரையொருவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒருவர் எழுதி ஒளித்தார். மற்றவர் தேடிக் கண்டார். இடையே இருந்தது சில வெள்ளைக் கட்டங்களும், வஞ்சிக்கப்படமாட்டோம் என்னும் நம்பிக்கையுமே. நள்ளிரவிலே தனியே அமர்ந்திருப்பவர் போலத் தோன்றும் அம்மனிதர், உண்மையிலே தனித்திருக்கவில்லை. அவர் ஐந்து எழுத்துக்களை எழுதிச் சிரிக்கும்போது, எங்கோ தொலைவில் அச்சொல்லை ஒளித்துவைத்தவரின் உழைப்பும் நிறைவு பெறுகின்றது.